பர்கண்டிக்கு வருகிறவர்களுக்கு நான் எழுதாமல் விட்ட குறிப்பு

அத்தைக்கு ஏன் ஒரு ஃபோன் செய்து சொல்லவில்லை என்று நேற்று நீ கேட்டாய். "அம்மா, ஷி ஹேஸ் ஆன் இண்டியன் பாஸ்போர்ட். யூ நியூ தட், ரைட்?" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்கிற குரல் அது, என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டது. தெரியும் என்றேன். "தென் வொய் டிட்ன்ட் யூ கால் ஹர்?" என்றாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை.  இன்று பகல் முழுக்க உன் கேள்வியையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை உனக்கும், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பப் போகிறேன். நாற்பது பேர் பார்க்க உன் அத்தை தலைகுனிந்தார். அந்த நாற்பது பேருக்கும் காரணம் தெரிய வேண்டும். நீ இங்கே கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு முனகிக்கொண்டே போனவன், மெதுவாகத்தான் படிப்பாய். அவசரம் இல்லை, படி.

குழுவில் இருப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொங்கல் முடிந்த வாரம் நீ என்னிடம் ஒரு வேலை கொடுத்தாய். ஜூன் கடைசியில் ஃபிரான்ஸின் பர்கண்டியில், க்ளேரின் அப்பா அம்மாவின் திராட்சைத் தோட்டத்தில் உனக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. விருந்தாளிகளுக்கு வேண்டிய விவரங்களை க்ளேர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி ஒரு வெப்சைட்டில் போட்டிருந்தாள். "நோபடி ஆன் அவர் சைட் ரீட்ஸ் வெப்சைட்ஸ், அம்மா. நீங்க தமிழ்ல எழுதுங்க. உங்களை எல்லாரும் நம்புவாங்க" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவளிடம் பயணக் குறிப்பு எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். இரண்டு வாரம் படித்தேன், க்ளேரின் அம்மாவுக்கு மெயில் போட்டுக் கேள்வி கேட்டேன், மூன்று பக்கம் எழுதினேன்.

நல்ல குறிப்பு அது. இப்போதும் சொல்வேன். பாரிஸில் இறங்கி டிஜோனுக்கு ரயில் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனின் பெயரில் லியோன் என்று வரும், ஆனால் அது பாரிஸுக்குள்ளேயேதான் இருக்கிறது, லியோன் நகரத்துக்குப் போய்விடாதீர்கள் என்று எழுதினேன். கார் எடுப்பவர்கள் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள், அங்கே பெரும்பாலும் கியர் வண்டிதான், நம்மில் பாதிப் பேர் இந்தியாவில் லைசென்ஸ் வாங்கிய மறுநாளே கியரை மறந்தவர்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும்தான், இரண்டரைக்குப் போனால் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பால்கூட முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் போன்ஜூர் என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். சைவம் என்றால் மீன் கொண்டுவருவார்கள், மீனும் வேண்டாம் என்றால் சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவிக் கொண்டுவருவார்கள், ஆகவே வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வைன் கிடங்கு பூமிக்கடியில் இருக்கிறது, ஜூனிலும் குளிரும், பட்டுப்புடவைக்கு மேல் போர்த்திக்கொள்ள ஒரு சால்வை எடுத்து வாருங்கள். முற்றம் முழுக்கச் சரளைக்கல், ஹீல்ஸ் வேண்டாம். மேயர் அலுவலகத்தில் சட்டப்படி கல்யாணம் முடிந்ததும் ஊரே தோட்டத்துக்கு வந்து ஒரு கிளாஸ் வைன் குடித்துவிட்டுப் போய்விடும், அவர்களுக்குச் சாப்பாட்டு அழைப்பு கிடையாது, நம் வழக்கப்படி யாரையும் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள். தோட்டத்துக்கு வேலி இருக்காது, அதற்காகத் திராட்சையைப் பறிக்கலாம் என்று அர்த்தமில்லை. இப்படியெல்லாம் எழுதினேன். எந்த பிளக் எடுத்து வர வேண்டும் என்று படம்கூட வரைந்தேன்.

என் முதல் வடிவத்தில் இரண்டாவது குறிப்பாக வேறொன்று இருந்தது. அந்தக் கோப்பு இன்னமும் லேப்டாப்பில் இருக்கிறது, இன்று காலை திறந்து பார்த்தேன். "இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், இப்போதே போடுங்கள்." அதை நான்தான் எடுத்தேன். எடுத்தபோது மனதில் ஓடிய காரணமும் நினைவிருக்கிறது. வருகிறவர்களில் மூன்று பேரிடம்தான் இந்தியப் பாஸ்போர்ட். அதில் ஒரு ஜோடி எச்-ஒன் வேலை விசாவில் இருப்பவர்கள், பால் வாங்கப் போனாலும் விசா வேண்டுமா என்று பார்க்கிறவர்கள். மிச்சம் இருப்பது உன் அத்தை மட்டும். அவர் ஒருவருக்காக எல்லோர் முன்னாலும் இதை எழுதினால், இத்தனை வருஷமாகியும் இன்னுமா சிட்டிசன் ஆகவில்லை என்று யாராவது கேட்பார்கள். சிட்டிசன்ஷிப் பரீட்சைக்கு இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் போகாமல் இருந்துவிட்டவர். எதற்கு அவருக்குச் சங்கடம், நானே ஃபோனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல காரணம் அது. இன்று படித்தாலும் நல்ல காரணமாகத்தான் தெரிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு மோசமான காரியம் செய்யக்கூட நல்ல காரணம் வேண்டும்.

அதன் பிறகு நான்கு மாதம் ஆகிவிட்டது. அவரிடம் பேசவே இல்லையா என்றால், பேசினேன். மாப்பிள்ளையின் அத்தை என்ன நிறத்தில் புடவை கட்டலாம் என்று கேட்க ஒரு தடவை கூப்பிட்டார். பருப்புப் பொடியை விமானத்தில் அனுமதிப்பார்களா என்று ஒரு தடவை. டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்ல ஒரு தடவை. என் பிறந்தநாளுக்கு ஒரு தடவை. நான்கு தடவையும் நானாகக் கூப்பிடவில்லை, நான்கு தடவையும் விசா பற்றிச் சொல்லவில்லை. டிக்கெட் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகும் சொல்லவில்லை. ஒரு தடவை விட்டுப்போனால் தற்செயல் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். நான்கு தடவைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

போன வருஷம் கோடையில் க்ளேரின் பெற்றோர் வந்திருந்தபோது லிவர்மோர் கோவிலிலிருந்து நீயும் க்ளேரும் முன்னால் ஒரு காரில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஆகவே லிவர்மோரில் நடந்தது உனக்கு முழுவதும் தெரியாது. அத்தையும் டெக்சாஸிலிருந்து வந்திருந்தார். கோவிலில் அர்ச்சனை முடித்துவிட்டு, க்ளேரின் அப்பா கலிஃபோர்னியா வைனைச் சுவைத்துப் பார்க்கட்டும் என்று மலைச்சரிவில் இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனோம். வைன் சுவைப்பவர்கள் வழக்கப்படி அவர் ஒரு வாய் வைத்து, உருட்டி, மேசையில் இருந்த வாளியில் துப்பினார். அத்தை சத்தமாக, "என்னம்மா இது, கோவிலுக்குப் போயிட்டு வந்த கையோட மனுஷன் வாய் கொப்புளிக்கிறாரு?" என்று கேட்டுச் சிரித்தார். இவர் என்ன சொல்கிறார் என்று க்ளேரின் அப்பா என்னைக் கேட்டார். இடம் அழகாக இருக்கிறதாம் என்றேன். உடனே அத்தை, "நோ நோ, ஐ சே, வொய் ஸ்பிட்டிங்? ஒன் இயர் யூ ஒர்க், தென் ஸ்பிட்டிங்?" என்றார். அந்த மனிதர் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். முப்பது வருஷமாக என் மனைவியும் இதைத்தான் கேட்கிறாள் என்றார். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் அத்தையிடம்தான். பேச்சின் நடுவே அத்தை பையிலிருந்து கோவில் புளியோதரை டப்பாவைத் திறந்து அவருக்கு நீட்டினார். பரிமாறுகிற பெண் வந்து, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்து, இவர் உங்களோடு வந்தவரா என்று கேட்டாள்.

நான் மெனுவைப் பார்த்தேன். அதில் நான் பார்க்க எதுவும் இல்லை, நான் குடிப்பதும் இல்லை. உன் அப்பா, "யெஸ், யெஸ், மை சிஸ்டர்" என்று சொல்வதற்குள் இரண்டு மூன்று நொடி போயிருக்கும். அத்தை டப்பாவை மூடினார். திரும்பி வரும்போது காரில் அவர் டல்லாஸ் பக்கத்தில் இருக்கிற தன் ஊரான இர்விங்கின் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கப்பட்டது அவரைப் பற்றி என்றுதான் அன்று நினைத்தேன். பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் நாம் அளவாக, படித்தவர்களாக, எதையும் அறிந்தவர்களாகத் தெரிய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர்கள் அப்படி எதையும் என்னிடம் கேட்கவில்லை.

மார்ச்சில் க்ளேர் சாப்பாட்டு மேசைகளின் வரைபடத்தை அனுப்பினாள். அவளுடைய அப்பாவுக்கு வலதுபக்கம் அத்தையின் பெயர் இருந்தது. அவர் கேட்டு வாங்கிய இடமாம். நானும் உன் அப்பாவும் எதிர்வரிசையில் இருந்தோம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் என்று யாராவது கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்பினேன் என்பேன். அனுப்பியது உண்மை. அந்த வாரமும் நான் அவருக்கு ஃபோன் செய்யவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உனக்கு நினைவிருக்க வயதில்லை. உனக்கு மூன்று வயதானபோது எனக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. உன் அப்பாவுக்கு டெக்சாஸ் வேலையை உடனே விட முடியவில்லை. எட்டு மாதம் நீயும் அப்பாவும் இர்விங்கில் அத்தையின் அபார்ட்மெண்டில் இருந்தீர்கள். மாமா இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத வீடு அது. அவருக்குக் குழந்தையும் இல்லை. தான் வேலை பார்க்கிற குழந்தைகள் டேகேருக்கே உன்னை அழைத்துப் போய், அழைத்து வந்து, எனக்கு ஃபோன் போட்டுக் கொடுப்பார். ஒரு நாள் நீ ஃபோனை வாங்கி, "அத்தை குளிக்கிறாங்க, அப்புறம் பேசுங்க ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாய். பிறகு அத்தை பதறிப்போய்க் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னைத் திரும்ப அழைத்து வந்த பிறகு, அவர் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் மரியாதையாக நடந்துகொண்டேன். மரியாதைக்கு மேல் எதுவும் கொடுக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இதைச் செய்ய முடியும் என்றால், நான்கு மாதம் ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பது பெரிய காரியமா?

போன சனிக்கிழமை குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பாய். எடை போட்ட பெட்டியின் படத்தை அத்தை போட்டார். "விசா ஸ்டாம்பிங் முடிஞ்சுதா அத்தை?" என்று டல்லாஸ் பக்கத்து உறவுக்காரப் பையன் கேட்டான். "விசா எதுக்குப்பா? கிரீன் கார்டு இருக்கே. போன வருஷம் டேகேர் பொண்ணுங்களோட மெக்சிகோல கான்கூன் போனேனே, இதைத்தான் காட்டினேன், உள்ள விட்டான்" என்றார் அத்தை. அதன் பிறகு வரிசையாகச் சிரிப்பு. "ஃபிரான்ஸை மெக்சிகோவுக்குப் பக்கத்துல நகர்த்திட்டீங்களா?" என்றார் ஒருவர். "கிரீன் கார்டைக் காட்டினா ஈஃபில் டவர்ல ஜன்னல் சீட்டாம்" என்றார் இன்னொருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை, கல்யாணக் கலகலப்பு. அத்தையும் சிரிக்கிற முகத்தைப் போட்டு, "என் மரமண்டைக்கு அவ்வளவுதான்" என்றார். நான் அப்போது எழுதியது ஒரே வரி: "வெப்சைட்டில் இருந்ததே அக்கா." அதற்கு அவர் பதில் போட்டார். "ஆமாம்மா, நான்தான் பாக்கல. அதுல எல்லாம் இங்கிலீஷ். உன்னுதைத்தான் முழுசா படிச்சேன். பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்."

 பத்து நிமிஷம் கழித்து அத்தை, தான் வரவில்லை, வீடியோ அனுப்புங்கள், குழந்தைகள் நன்றாக இருக்கட்டும் என்று போட்டுவிட்டார். எல்லோரும் அழுகிற முகம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா அறிவுரை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அறிவுரைகளில் நம்பிக்கை கிடையாது, அதைச் சொல்கிற தகுதி இந்த வாரம் சுத்தமாக இல்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு க்ளேர் வீட்டார் முன்னால் உனக்கு நம்மைப் பற்றிக் கூச்சம் வரலாம், நான் எதையாவது தப்பாகச் செய்து வைப்பேன். அவள் நம் வீட்டில் வந்து நிற்கும்போது அவளுக்கும் அவர்களைப் பற்றி வரலாம். வந்தால், அதை அவளிடமே சொல்லிவிடு. அசிங்கமாக இருந்தாலும் சொல். சொல்லாமல் வைத்தால் அது கூச்சமாகவே இருக்காது, நல்ல காரணமாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். நான் உன் அப்பாவிடம் இருபது வருஷத்தில் ஒரு நாளாவது, உங்கள் அக்கா மேல் எனக்குப் பொறாமை என்று சொல்லியிருந்தால், அவர் சிரித்திருப்பார், ஒரு சண்டை வந்திருக்கும், முடிந்திருக்கும். அவர் இன்றைக்குத்தான் இதைப் படிக்கப் போகிறார். குழுவில் இருக்கிற எல்லோருக்கும்: உங்களுக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பில் அத்தைக்கு மட்டும் தேவையான ஒரு வரி இருந்தது. அதை எடுத்தவள் நான். அவருக்கு விவரம் தெரியாமல் போகவில்லை. நான் தெரியவிடவில்லை.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. மறுநாள் நடந்ததைச் சேர்த்துவிட்டு முடிக்கிறேன்.

குழுவுக்கு அனுப்புமுன் அத்தையிடம் சொல்லிவிடு என்றார் உன் அப்பா. கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது அது ஒன்றுதான். காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், அங்கே பத்து. அத்தை டேகேரில் இருந்தார். "ஒரு நிமிஷம் இரும்மா, இங்க ஒருத்தி பெயிண்ட்டை நக்குறா. நோ பேபி, நாட் யம்மி. ம், சொல்லு." சொன்னேன். லிவர்மோரையும் அந்த வரியையும் அப்படியே படித்துக் காட்டினேன். பின்னால் குழந்தைகள் ஏதோ பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். 

"மெனுவைப் பாத்துக்கிட்டு நின்னியே, அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "ஏதோ கூச்சம்னு விட்டுட்டேன். இது தெரியாது."

"மன்னிச்சுடுங்கக்கா."

"அதை இப்ப கேக்காத. நான் வேலையில இருக்கேன்."

இதை இன்றைக்குக் குழுவில் போடப் போவதாகச் சொன்னேன்.

"எதுக்கு?"

"எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சாங்களே."

"சிரிச்சா என்ன, நானும்தான் சிரிச்சேன். விவரம் தெரியாம டிக்கெட் போட்டுட்டாளேன்னு நாப்பது பேர் சிரிச்சா நாலு நாள்ல மறந்துடுவாங்க. தம்பி பொண்டாட்டிக்கு இவ வர்றது புடிக்கலையாம்னு தெரிஞ்சா, அங்க ஒவ்வொருத்தரும் என்னைப் பாவமா பாப்பாங்க. அப்புறம் நான் புடவையைக் கட்டிக்கிட்டு எங்க போய் நிக்கறது? உன் மனசு ஆறணும்னா வேற வழி பாரு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேப்பர்ல வேணா போடு."

நிற்பது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் வருவீர்களா என்று கேட்டேன். "எப்படி வர்றது, நீந்தியா?" என்றார். காலையில் யாரோ கான்சல் செய்ததில் ஹூஸ்டன் விசா மையத்தில் வியாழக்கிழமை ஒரு இடம் கிடைத்தது, அவர் பெயரில் பிடித்து வைத்திருக்கிறேன், கல்யாணத்துக்குள் விசா வந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருக்கிறது என்றேன்.

"என்னைக் கேக்காமலா?"

"அதுக்குள்ள போயிடும்னு..."

"சரி. லீவு கேட்டுப் பாக்கறேன்."

நான் டல்லாஸுக்குப் பறந்து வந்து காரில் கூட்டிப் போவதாகச் சொன்னேன். "நீ வராத. நாலு மணி நேரம் கார்ல உன்கூட நான் என்ன பேசறது?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே இந்தக் கடிதம் இப்போதைக்கு உனக்கு மட்டும். குழுவில் இரண்டு வரி போட்டேன்: தமிழ்க் குறிப்பில் விசா பற்றிய விவரம் விடுபட்டது என் பிழை, அக்காவின் பிழை அல்ல. உடனே ஏழெட்டுக் கட்டைவிரல்கள். "இட் ஹேப்பன்ஸ் ஆன்ட்டி" என்றான் அந்த டல்லாஸ் பையன். "இவ்வளவு அழகா எழுதினதுல ஒண்ணு விட்டுப்போறது சகஜம்" என்றார் இன்னொருவர். நான் செய்யாத ஒரு சின்னத் தப்புக்கு எல்லோரும் என்னை மன்னித்தார்கள். அதை வாசித்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். விசாப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி அத்தை உன்னைக் கேட்டிருந்தார், என்னை அல்ல. பாதி நிரப்பிய பிறகு ஓர் இடத்தில் நின்றிருந்தாய். கூடப் பயணம் செய்கிற உறவினர் யார் என்று கேட்கிறது, உங்கள் பெயரைப் போடட்டுமா அம்மா என்றாய். அத்தையையே கேள் என்றேன். என்னை லைனில் வைத்துவிட்டு அவரைக் கேட்டு வந்தாய். சொல்லத் தயங்கினாய். பரவாயில்லை, சொல் என்றேன். உன் அப்பாவின் பெயரைப் போடச் சொன்னார் என்றாய். போடு என்றேன்.